முப்பத்தெட்டாவது நாள்

"எம் பொண்ணோட முறையை யாரைக் கேட்டு இன்னொருத்தருக்குக் குடுத்தீங்க, டாக்டர்?"

தையற்காரியின் குரல் வரவேற்பறையைத் தாண்டித் தெருவுக்கே கேட்டிருக்கும். இடுப்பில் எட்டு வயது மகள். பிறக்கும்போது மூளைக்குப் போகவேண்டிய காற்று சில நிமிடம் தடைபட்டதில் கைகால் முறுக்கிக்கொண்டு, பேச்சும் வராமல் போன பெண். அழுத்தமேற்றிய ஆக்சிஜன் நிரப்பும் கண்ணாடிக் குழாய் இயந்திரத்துக்குள் தினம் ஒரு மணி நேரம் வீதம் நாற்பது நாள் படுக்கவைத்தால், தூங்கிக் கிடக்கும் மூளை விழித்துக்கொள்ளும் என்று ஆசை காட்டியவர் இந்த டாக்டர்தான். இன்று முப்பத்தெட்டாவது நாள்.

டாக்டர் தணிந்துதான் பேசினார். அணைக்கட்டில் மதகைப் பழுதுபார்க்கத் தண்ணீருக்குள் இறங்கிய ஆள் ஒருவன் அவசரப்பட்டு மேலே ஏறிவிட்டானாம். உடம்புக்குள் காற்றுக் குமிழ்கள் அடைத்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லையாம். சுற்றுவட்டாரத்தில் இந்த இயந்திரம் வேறெங்கும் கிடையாதாம். பாப்பாவை நாளைக்குக் கூட்டிவாருங்கள், ஒரு நாள் விட்டுப்போனால் ஒன்றும் குடிமுழுகிவிடாது, இப்போது வீட்டுக்குப் போங்கள் என்றார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஒரு நாள் விட்டாலும் முதல்லேருந்து ஆரம்பிக்கணும்னு சொன்னது யாரு? காய்ச்சல்ல உடம்பு கொதிச்ச அன்னிக்குக்கூட இவளைத் தூக்கிட்டு வரவெச்சீங்களே. இன்னிக்கு மட்டும் எப்படி ஒண்ணும் ஆகாது?"

டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் வாசலில் வண்டி வந்து நிற்க, முழங்கால்வரை நனைந்த கால்சட்டையோடு தண்ணீருக்குள் இறங்கும் ஆட்களை நடத்தும் மேஸ்திரி முன்னால் ஓடிவந்தார். பின்னால் ஸ்ட்ரெச்சரில் அந்த ஆள். மரக்கட்டை மாதிரிக் கிடந்தன கால்கள். மேஸ்திரி அவளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவர்மேல் கோபமில்லை. ஊரில் எல்லார்மேலும்தான் கோபம். பள்ளிக்கூடத்தில் இடமில்லை என்றார்கள். பேருந்தில் ஏறினால் அடுத்த வண்டியில் வரச்சொன்னார்கள். சொந்தக்காரர்கள்கூட விசேஷ வீட்டில் மகளை ஓர் ஓரமாக உட்காரவைத்தார்கள். எட்டு வருஷத்தில் தன் பெண்ணை வா என்று கூப்பிட்ட இடம் இது ஒன்றுதான். இங்கேயும் இப்போது தள்ளி நில் என்றால்?

அதுவும் பலன் தெரிய ஆரம்பித்த நேரத்தில். இங்கே வரத் தொடங்கிய தெம்பில் அவள் தினமும் சாயங்காலம் தையல் மிஷினை மூடிவைத்துவிட்டு, மகளின் விரல்களை ஒவ்வொன்றாக நீவி, மடக்கி, நீட்டிப் பழக்கினாள். போன வாரம் அந்தப் பெண் தானாகக் கரண்டியைப் பிடித்து வாய்வரை கொண்டுபோய்விட்டாள். பாதி சிந்தியது. அன்றைக்கு அம்மா இந்த இயந்திரம் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

சிகிச்சை அறைக் கதவுக்கு எதிரே இருந்த பெஞ்சில் மகளை மடியில் போட்டு உட்கார்ந்தாள். எங்கள் முறை வரும்வரை நகரமாட்டேன் என்றாள். இதற்கு நேரமாகும் என்று டாக்டர் சொல்லிப்பார்த்தார். தன் காரிலேயே கொண்டுவிடச் சொல்கிறேன் என்றார். மறுபடி ஒருமுறை வந்து, நாளைக்கு இரண்டு முறையாகச் சேர்த்துத் தருகிறேன் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டார். அவள் அசைந்துகொடுக்கவில்லை. என்னைத் துரத்துவதில் இந்த மனுஷனுக்கு என்ன இத்தனை அக்கறை என்று எரிச்சல்தான் கூடியது.

உள்ளேயிருந்து ஒலிபெருக்கியில் அந்த ஆளின் முனகல் கேட்டது. காது வெடிக்கிறதாம். எச்சிலை விழுங்கிக்கொண்டே இரு என்று பக்கத்தில் நின்ற மேஸ்திரி அதட்டினார்.

அவளுக்கு இளக்காரமாக இருந்தது. ஆறடி ஆம்பளைக்கு ஒரு நாள் பொறுக்கவில்லை. தன் பெண் முப்பத்தேழு நாளும் அதற்குள் தொட்டிலில் கிடப்பதுபோலத் தூங்கி எழுந்து வந்தாள். ஒரு சிணுங்கல் உண்டா?

இரண்டு மணி நேரம் போயிருக்கும். கதவு படாரென்று திறந்தது.

"தங்கச்சி, கால்விரல் ஆடுது! பையன் பொழைச்சுட்டான்!"

மேஸ்திரியின் கன்னத்தில் கண்ணீர். அதைப் பார்த்ததும் அவளுடைய கோபம் பாதி கரைந்துவிட்டது. செத்த காலுக்கே உயிர் கொடுக்கும் இயந்திரம். மீதமிருக்கும் மூன்று நாளில் தன் மகளுக்குக் கொடுக்காதா? டாக்டர் எழுந்து தடுப்பதற்குள் மகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்துவிட்டாள்.

கண்ணாடிக் குழாய்க்குள் அந்த ஆள் கட்டைவிரலை அசைத்து அசைத்துத் தானே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கண், குழாயின் தலைமாட்டில் இருந்த வட்ட மீட்டரில் போய் நின்றது.

"அண்ணே, இந்த முள்ளு ஏன் அவ்வளவு தூரம் போய் நிக்குது? கெட்டுப்போச்சா?"

மேஸ்திரி சிரித்தார். "உள்ள அழுத்தம் ஏறுனா முள்ளும் ஏறத்தானே செய்யும். சைபர்ல நின்னாத்தான் தப்பு. அப்ப உள்ள படுத்தாலும் ஒண்ணுதான், வீட்டுல படுத்தாலும் ஒண்ணுதான்."

அவள் மெல்லத் திரும்பி, பின்னாலேயே வந்து நின்ற டாக்டரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முப்பத்தேழு நாளும், மகள் உள்ளே தூங்கும் அந்த ஒரு மணி நேரமும், சைபரை விட்டு ஒரு நூலளவும் நகராத அந்த முள்ளுக்கு எதிரேதான் அவள் நம்பிக்கையோடு உட்கார்ந்திருந்தாள்.