தினமும் இரண்டு தவறு

சரியாக எட்டே பத்துக்குத் திருடன் மறுபடியும் வந்திருந்தான். இது பதினோராவது நாள்.

"இன்னிக்கும் ரெண்டே தடவைதான்," என்றான் கேமரூன், வீடியோ அழைப்பில். "மூணாவது தப்புக்குக் கணக்கு பூட்டிக்கும்னு தெரிஞ்சு வெச்சிருக்கான். கில்லாடி."

லோர்னா தலையாட்டினாள். ஹாலிஃபாக்ஸில் அவளுக்கு ஒற்றை அறை வீடு, அதுவே அலுவலகம். மேலாளருடன் பேசும் இந்தப் பத்து நிமிடம் முடிந்தால் நாள் முழுக்க அவளோடு பேச ஆள் கிடையாது.

குடும்பப் படங்களைச் சேமித்துத் தரும் கம்பெனி அது. உள்ளே நுழையத் தவறியவர்களை மட்டும் குறித்துவைக்கும் 'லாக்' என்ற பதிவேட்டைத் தினமும் காலையில் படிப்பது லோர்னாவின் வேலை. அதில் பெயர் மட்டுமே விழும், பாஸ்வேர்டு விழவே கூடாது. ஆனால் அவசரத்தில் பெயர்க் கட்டத்திலேயே பாஸ்வேர்டை அடித்துத் தொலைப்பவர்கள் உண்டு. அது அப்படியே பச்சையாக வந்து நிற்கும்.

"யாரும் ஒரு தடவை கட்டம் மாறி அடிக்கலாம். பதினோரு நாளா மாறும்?" என்றான் கேமரூன். "மத்தியானத்துக்குள்ள, அந்தக் கட்டத்துல என்ன அடிச்சாலும் லாக்ல வெறும் நட்சத்திரக் குறியா விழற மாதிரி மாத்திடு. எல்லாம் கெனோரா ஊர்ல ஒரே வீட்டு இணைப்புலேருந்துதான் வருது, அந்த வீட்டுக்கு ஒரே கணக்குதான். அதையும் முடக்கிடு."

"முடக்கினா திரும்பத் திறக்க மாசக்கணக்கா ஆகுமே."

"ஆகட்டும். நீ படிச்சதை மறந்துடு. லாக்ல பாத்ததை வெச்சு கஸ்டமருக்கு போன் போட்டவனுக்குப் போன வருஷம் என்ன ஆச்சு, ஞாபகம் இருக்குல்ல?"

இருந்தது. அவனுக்கு வேலை போயிற்று. இவளுக்கோ இந்த வேலையை விட்டால் வேறு நாதியில்லை.

கேமரூனிடம் அவள் ஒன்றைச் சொல்லவில்லை. மூன்றாம் நாளே அவள் ஆளைக் கண்டுகொண்டுவிட்டாள். அது அவளுடைய அம்மா பெத்தின் கணக்கு. மகள் வேலை பார்க்கும் கம்பெனி என்பதற்காகவே பெத் தன் படங்களையெல்லாம் அங்கே போட்டுவைத்தாள், சமையலறையில் பாடிய பாட்டின் வீடியோ உட்பட.

மார்ச்சில் அம்மா இறந்தபோது பனிப்புயலில் விமானங்கள் ஓடவில்லை. "வர மனசிருந்தா வந்திருப்பே," என்றார் அப்பா வெர்ன். அன்றிலிருந்து அவர் போனை அவள் எடுக்கவே இல்லை. ஏழு மாதம் விடாமல் அழைத்துப் பார்த்தார், போன மாதம் அதுவும் நின்றுபோனது.

லாக்கை மறுபடி திறந்தாள். பிக்கிள், அவள் வளர்த்த நாய். மஞ்சள் படகு, பத்து வயதில் அவள் கவிழ்த்தது. பதினேழு, ஹாக்கிச் சட்டையில் அவளுடைய எண். பாஸ்வேர்டைத் தேடி அப்பா எதையெல்லாமோ அடித்திருந்தார், அவள் பெயரைத் தவிர.

அதுதான் அவளுக்கு வலித்தது. அம்மாவின் பாஸ்வேர்டு 'லோர்னா'. "இதெல்லாம் ஒரு பாஸ்வேர்டாம்மா?" என்று போனில் திட்டிக்கூட இருக்கிறாள். கட்டம் மாறி அடிப்பவர்களைப் பற்றியும், அதைத் தினமும் காலையில் தான் உட்கார்ந்து படிப்பதைப் பற்றியும் சொன்னது அன்றைக்குத்தான். ஸ்பீக்கரில் அப்பாவும் சேர்ந்து சிரித்தார்.

நட்சத்திரத்துக்கான மாற்றத்தை எழுதி ஓடவிட்டாள். பழைய வரிகளும் மறைந்தன. நாய், படகு, சட்டை எல்லாம் ஒரே மாதிரி நட்சத்திரங்களாகிவிட்டன. இனி எட்டே பத்துக்கு அவளுக்குப் படிக்க எதுவும் இருக்காது.

கணக்கை முடக்கும் பொத்தான் மட்டும் பாக்கி. மணி பதினொன்றரை. அழுத்தினால் அம்மாவின் பாட்டு உள்ளேயே மாட்டிக்கொள்ளும். வேலை போனால் போகட்டும் என்று போனை எடுத்தாள்.

முதல் மணியிலேயே அப்பா எடுத்துவிட்டார்.

"அப்பா, நான் சொல்றதைக் கேளுங்க. அம்மா கணக்குல என் பேரைப் போட்டுப் பாருங்க. திறக்கும். சீக்கிரம் போடுங்க."



"முதல் நாளே அதைத்தான் போட்டேன், லோர்னா. திறந்துடுச்சு. பாட்டெல்லாம் எடுத்து வெச்சுட்டேன்."

"அப்புறம் எதுக்கு தினமும் தப்புத் தப்பா அடிச்சீங்க?"

"போனைத்தான் நீ எடுக்கல. தப்பா அடிக்கிறதைப் படிக்கிறது உன் வேலையாச்சே."