கோட்டைக்குப் பூச்சு வேலை

“இந்தக் கையை வெச்சுக்கிட்டு நான் எப்படிங்க கோட்டை கட்டுவேன்?”

மனைவி வலது கையைத் தூக்கிக் காட்டினாள். மணிக்கட்டிலிருந்து விரல்கள் வரை வெள்ளைக் கட்டு. காலையில் மாவுப் பாத்திரத்தைத் தூக்கும்போது பிசகிக்கொண்டதாம். சமையலறை மேசையில் பெரிய சதுரக் கேக் ஒன்றும், கோபுரங்களாக நிற்க வேண்டிய உருளைக் கேக்குகள் நான்கும் ஆறிக்கிடந்தன. நாலு மணிக்குப் பிறந்தநாள் வீட்டுக்காரர்கள் வந்து கோட்டையை எடுத்துப் போவார்கள்.

கொத்தனார் சோபாவை விட்டு அசையவில்லை. ஏழு மாதமாக அவருடைய குடியிருப்பே அதுதான். மூன்றாம் மாடிச் சாரத்திலிருந்து விழுந்தவரைக் கீழே குவித்திருந்த மணல் காப்பாற்றியது. உடைந்த கால் மூன்று மாதத்தில் கூடிவிட்டது. பயம்தான் போகவில்லை. முக்காலியில் ஏறினால்கூட உள்ளங்கால் வியர்க்கிறது. ஊருக்கெல்லாம் வீடு பூசிய மனிதரின் சமையலறையில் பல்பு பியூஸாகி ஐந்து வாரம் ஆகிறது. மேஸ்திரி போன் செய்தால், “கால் இன்னும் சரியாகலைங்க” என்று ஒரே பாட்டு. உண்மை எல்லாருக்கும் தெரியும். கால்தான் பாவம், வீண் பழி சுமந்தது.

“பக்கத்து வீட்டு அம்மாவைக் கூப்பிடேன்.”

“அவங்க வந்தா கோட்டை கட்ட மாட்டாங்க, கதைதான் கட்டுவாங்க.”

“கேக்கைப் பத்தி எனக்கு என்ன தெரியும்?”

“கேக்கு வெந்தாச்சு. வெண்ணெயும் சர்க்கரையும் குழைச்சு வெச்சிருக்கேன், சுவர்ல பூசணும். பூச்சு வேலைதாங்க. அதுவும் தெரியாதுன்னா சொல்லுங்க, வேற ஆளைப் பார்க்கிறேன்.”

கொத்தனாருக்குச் சுருக்கென்று தைத்தது. எழுந்து வந்தார். கிண்ணத்தில் கரண்டியை விட்டு ஒருமுறை தூக்கிப் பார்த்தார்.

“யாரு கலந்தது இது? இந்தப் பதத்துல பூசினா அரை மணியில வழிஞ்சு அடியில குட்டையா நிக்கும். இன்னும் ரெண்டு கை சர்க்கரைத்தூள் போடு.”

அவள் இடது கையால் தடுமாறித் தடுமாறிப் போட்டாள். பாதி கிண்ணத்தில், பாதி தரையில். அதற்குள் அவர் கட்டிலுக்கடியில் கிடந்த வேலைப் பையிலிருந்து, சுவர் சாய்வு பார்க்கும் ரசமட்டத்தை எடுத்து வந்திருந்தார்.

“ஐயோ, அதைக் கழுவினீங்களா?”

“கழுவாம கொண்டு வருவேனா? இங்க பாரு, இந்தக் கோபுரம் அரை விரல் சாயுது.”

“அடுப்பு அந்தப் பக்கம் சூடு ஜாஸ்திங்க.”

“அடுப்பு மேல பழியைப் போடாத,” என்றார், கால் மேல் பழியைப் போட்டே ஏழு மாதம் ஓட்டியவர்.

சாய்ந்த கோபுரத்தைச் சீவி நிமிர்த்தினார். முதல் பூச்சு மெல்லிசாக, தூள் உதிராமல் பிடிப்பதற்கு. அதை பிரிட்ஜில் வைத்து இறுகவிட்டு, மேலே இரண்டாம் பூச்சு. கத்தியை வெந்நீரில் தோய்த்து ஒரே இழுப்பு இழுத்தார். சுவர் வழவழவென்று வந்தது. கொத்தனாருக்கு உற்சாகம் தலைக்கேறியது.

“ஏம்மா சித்தாளு, சாந்து கொண்டா!”

“கூலி என்ன தருவீங்க கொத்தனாரே?”

“ஒரு டீ. வேலை சுத்தமா இருந்தா ரெண்டு.”

“இங்க கட்டெல்லாம் கிரீம் ஆயிடுச்சு. நீங்க பூசுங்க, நான் கட்டுத்துணியை மாத்திக்கிட்டு வரேன்.”

அவள் உள்ளே போனதையும் வந்ததையும் அவர் கவனிக்கவில்லை. கோட்டை வாசலுக்கு வளைவு கீறுவதில் மூழ்கியிருந்தார்.

மூன்றே முக்காலுக்குக் கோட்டை நிமிர்ந்து நின்றது.

“உச்சியில கொடி கேட்டிருக்காங்க. கொடி டப்பா பரண்ல கிடக்கு. நானே ஏறிடுவேன், இந்தக் கைதான்...”

“நீ ஏறி விழுந்து வேற வைக்காத. என்ன கலர் கேட்டாங்க?”

“சிவப்பு.”

“வெள்ளைச் சுவருக்குச் சிவப்பா? நீலம்தான் எடுப்பு.” ஏணியைச் சார்த்தினார்.

“கேக்கு அவங்களுது, கொடியும் அவங்க இஷ்டம்.”

“இஷ்டம்னா? கட்டினவன் பேச்சுக்கு மரியாதையே கிடையாதா?” என்று பரணுக்குள் தலையை விட்டபடி கத்தினார். டப்பாவோடு இறங்கித் தரையில் கால் வைத்த பிறகுதான் உள்ளங்கால் வியர்த்தது. திரும்பி ஏணியை அண்ணாந்து பார்த்தார்.

“என்னங்க?”

“ஒண்ணுமில்ல,” என்றார். டப்பாவைத் திறந்தார். கொடி சிவப்பாகவே நடப்பட்டது.

நாலு மணிக்கு வந்தவர்கள் கோட்டையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். “அச்சு எங்க வாங்கினீங்க?”

“அச்சு இல்லைங்க. கை வேலை,” என்றார் கொத்தனார், நெஞ்சை நிமிர்த்தி.

அவர்கள் போனதும் போனை எடுத்தார். “மேஸ்திரி, நாளைக்கு வரேன். கால் சரியாயிடுச்சு.”

ஆறு மணிக்குச் சமையலறையில் இருட்டு கட்டத் தொடங்கியிருந்தது. “ஏம்மா, அந்த பல்பை எடு,” என்றார். இந்த முறை பயத்தை மறக்கடிக்கப் பேச்சு எதுவும் இல்லை. ஒவ்வொரு படியாகப் பார்த்து, பயந்து பயந்துதான் ஏறினார். ஆனால் ஏறிவிட்டார். பல்பைத் திருகியதும் அறை பளிச்சென்றது. சந்தோஷத்தில் கண் நிறையக் கீழே பார்த்தார்.

மனைவியும் அழுதுகொண்டே சிரித்துக்கொண்டிருந்தாள். கட்டுப் போட்ட கையால் கண்ணைத் துடைத்தாள். மறு கையால் ஏணியை இறுகப் பிடித்திருந்தாள்.

பிடித்திருந்தது, காலையில் பிசகிக்கொண்ட அதே வலது கை.