ஒரே தப்பு

"காப்பிதான். சந்தேகமே வேண்டாம்" என்று ஹெட்மாஸ்டர் வேதாசலம் இரண்டு விடைத்தாள்களை மேஜைமேல் போட்டார்.

மெட்டில்டா டீச்சர் எடுத்துப் பார்த்தாள். யூனிஸ், கிரிஜா. ஏழாம் வகுப்புப் பெண்கள். நாற்பது கேள்வியில் முப்பத்தொன்று சரி, ஒன்பது தப்பு. இருவருக்கும் அதே ஒன்பது. தப்பான விடைகளும் அச்சு அசல் ஒன்றே.

பாலாநகர் தொழிற்சாலைக்காரர்களின் பிள்ளைகள் படிக்கும் இங்கிலீஷ் மீடியம் பள்ளி அது. 1974இல் அங்கே கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கென்று தனி செக்ஷன் ஆரம்பித்தார்கள். இரண்டு வருஷக் கணக்கை ஒரே வருஷத்தில் முடித்துவிடலாம். ஆள் பொறுக்க ஒரு மனக்கணக்குப் பரீட்சை. டீச்சர் கேள்வியை ஒரே தடவை வாசிப்பார். பிள்ளைகள் விடையை மட்டும் எழுத வேண்டும். முப்பத்தைந்துக்குக் குறைந்தால் இடம் கிடையாது.

"ஒருத்தி முதல் பெஞ்ச், ஒருத்தி கடைசி பெஞ்ச். எப்படி சார் காப்பி அடிப்பாங்க?"

"அப்ப எப்படின்னு நீங்களே சொல்லுங்க."

அந்த இரண்டு பெண்களையும் பார்த்தாலே மெட்டில்டாவுக்கு ஏதோ சரியில்லை என்று தோன்றும். ஜூனில் அவள் இந்தப் பள்ளிக்கு வந்ததிலிருந்தே அப்படித்தான். பாடம் நடக்கும்போது யூனிஸின் உதடுகள் அசைந்துகொண்டே இருக்கும். சத்தம் வராது. கிரிஜா அந்த வாயையே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"மறுபடி வைப்போம் சார். வேற கேள்வி, வேற வேற ரூம்."

புதுக் கேள்விகளை மெட்டில்டாவே எழுதினாள். யார் கண்ணிலும் காட்டவில்லை. மறுநாள் கீழே யூனிஸுக்கு ஹெட்மாஸ்டர் வாசித்தார். மாடியில் கிரிஜாவுக்கு மெட்டில்டா வாசித்தாள்.

நாற்பது கேள்வி முடியும்வரை கிரிஜா அவள் முகத்தை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை. விடை எழுதிய கையோடு நிமிர்ந்துவிடுவாள். தன் வாய்க்குள்ளிருந்து இவள் எதையோ உருவி எடுக்கிறாள் என்று தோன்றியது மெட்டில்டாவுக்கு.

இந்த முறை ஏழு தப்பு. இருவருக்கும் அதே ஏழு.

அவற்றில் ஒன்று: பன்னிரண்டு வரிசை, வரிசைக்குப் பதினைந்து நாற்காலி, மொத்தம் எத்தனை? நூற்றெண்பது என்று வர வேண்டும். மாடியிலும் அறுநூறு, கீழேயும் அறுநூறு.

ஹெட்மாஸ்டர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "இது நல்லதுக்கில்ல டீச்சர். ரெண்டுக்கும் டி.சி. குடுத்து அனுப்பிடுவோம்."

"ஒரு நாள் பொறுங்க சார்."

அன்று மத்தியானம் இருவரையும் ஸ்டாஃப் ரூமுக்கு அழைத்தாள். வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. கிரிஜா ஜன்னலோரம் முதுகைக் காட்டி நின்றாள்.

"கிரிஜா, நீ கிளாஸுக்குப் போ. யூனிஸ் மட்டும் இருக்கட்டும்."

கிரிஜா அசையவில்லை.

"கிரிஜா!"

அப்போதும் அசையவில்லை. காற்றில் கதவு படாரென்று அடித்துக்கொண்டது. யூனிஸ் துள்ளி விழுந்தாள். கிரிஜாவின் தோள்கூடச் சிலிர்க்கவில்லை.

யூனிஸ் மெல்ல நடந்து போய் அவள் முன்னால் நின்றாள். சத்தமில்லாமல் உதட்டை அசைத்தாள். கிரிஜா தலையாட்டிவிட்டு, மெட்டில்டாவைக் கடந்து வெளியே போனாள்.

மெட்டில்டா யூனிஸின் கையைப் பிடித்து இழுத்தாள். "என்னடி பண்ணே அவளை?"

யூனிஸ் அழ ஆரம்பித்தாள். "நக்கோ மிஸ், வேணாம், யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. அவளுக்குக் காது கேக்காது."

"என்னது?"

"மூணாங்கிளாஸ்ல மூளைக்காய்ச்சல் வந்துச்சு, அப்பவே போயிடுச்சு. தெரிஞ்சா ஸ்கூல்ல வச்சுக்க மாட்டாங்கன்னு அவங்க அம்மா சொல்ல வேணாம்னாங்க. நீங்க போர்டுப் பக்கம் திரும்பிட்டா அவளுக்கு ஒண்ணும் புரியாது. நீங்க சொல்றதை நான்தான் வாயசைச்சுச் சொல்லுவேன்."

"அப்ப பரீட்சை?"

"உங்க வாயைப் பார்த்தே எழுதிட்டா. ஆனா ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் வாய்ல ஒரே மாதிரிதான் தெரியும் மிஸ். சிக்ஸ்டீனும் சிக்ஸ்டியும் அப்படித்தான். அவ எப்பவும் ஃபிஃப்டி, சிக்ஸ்டின்னுதான் எடுத்துப்பா. அதனால அந்த நம்பர் வந்த கணக்கையெல்லாம் நானும் அப்படியே போட்டேன்."

"தெரிஞ்சே தப்பாவா?"

"எனக்கு மட்டும் சீட் கிடைச்சுட்டா, இந்த கிளாஸ்ல அவளுக்கு யாரு மிஸ் சொல்லுவாங்க?"

மெட்டில்டா அந்த விடைத்தாளை மறுபடி எடுத்துப் பார்த்தாள். பன்னிரண்டு ஐம்பது அறுநூறு. பெருக்கலில் ஒரு பிசகும் இல்லை.

மறுநாள் காலை மூன்றாவது தடவையாகப் பரீட்சை நடந்தது. "இது எதுக்கு?" என்று ஹெட்மாஸ்டர் முணுமுணுத்தார். "எனக்காக ஒரு தடவை சார்" என்று மட்டும் சொன்னாள் மெட்டில்டா.

அன்று அவள் வாயே திறக்கவில்லை. முன்பைவிடக் கடினமான நாற்பது கேள்விகளைச் சாக்பீஸால் போர்டில் எழுதினாள். எழுதி முடித்ததும், எதிரெதிர் மூலையில் உட்கார்ந்திருந்த இருவரில் யூனிஸைப் பார்த்து, 'ஒழுங்காகப் போடு' என்று உதட்டை மட்டும் அசைத்தாள்.

தாள்களை ஹெட்மாஸ்டரே திருத்தினார். முதல் தாளை இரண்டு தடவை கூட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"முழுசா நாற்பது. என் சர்வீஸ்ல பார்த்ததில்லை டீச்சர்."

"யூனிஸா சார்?"

"இல்லை, கிரிஜா. யூனிஸுக்கு முப்பத்தாறுதான்."