எதையும் நினைவில் வைக்காத தேடல்

தேயிலை விலை விழுந்து ஃபாக்டரியை மூடிய பிறகு, சுகுணா திருப்பூரில் வேலை தேட ஆரம்பித்தாள். கணவன் பாலகுமார் இறந்து இரண்டு வருடமாகிறது. நீலகிரிக் குளிரில், நடுவட்டத்துத் தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் அவளும் மாமியார் கருப்பம்மாவும்தான் இருந்தார்கள். இருவருக்கும் ஒரே போன்.

மாமியாரைத் தனியே விட்டுப் போவதை எப்படிச் சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் கருப்பம்மா அதே போனில் சீரியல் பார்க்கும்போதெல்லாம், சுகுணா தேடியதை வைத்து, நடுவே பனியன் கம்பெனி விளம்பரமும் பெண்கள் விடுதி விளம்பரமும் வந்தன.

அதை நிறுத்த போன் கடை சுசீலாவிடம் வழி கேட்டாள்.

"தேடுறதுக்கு இனி இந்த ஆப்பைப் போட்டுக்குங்க. நீங்க தேடுனத இது ஞாபகம் வெச்சுக்காது. தேடுறது யாருன்னுகூட இதுக்குத் தெரியாதுங்க" என்றாள் சுசீலா.

சுகுணா கடை வாசலிலேயே நின்று அந்த ஆப்பில் 'திருப்பூர் பெண்கள் விடுதி' என்று தட்டினாள். விடுதிகளின் பெயர்களுக்கு மேலே ஒரு வரி வந்தது: 'நீங்கள் தேடியது இதுவா? திருப்பூரில் அம்மாவுக்கும் சேர்த்து ரூம்.'

அழித்துவிட்டு மறுபடி தட்டினாள். அதே வரி. சுசீலா தன் போனில் அதையே தட்டிப் பார்த்தாள். விடுதிகள் மட்டும்தான் வந்தன.

இனி மறைப்பதில் அர்த்தமில்லை என்று சுகுணாவுக்குத் தோன்றியது. நேரே வீட்டுக்குப் போனாள். கருப்பம்மா புடவைகளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

"மாமி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"திருப்பூருதானே புள்ள? பாலு காலையிலேயே வந்து சொல்லிட்டான். அங்க குளிராதாம். கம்பளி நமக்கு எதுக்குன்னு அவனே எடுத்துக்கிட்டுப் போயிட்டான்."

சுகுணா துணிக்கொடியைப் பார்த்தாள். எப்போதும் அதில் தொங்கும் கம்பளி இல்லை.