சூடு வெளியே போகும் வழி

“காத்து உள்ள வந்தா மட்டும் பத்தாது லா. சூடு வெளிய போக வழி வேணும். இல்லாட்டி இஞ்சின் வெந்துரும்.”

செராஸ் வீட்டின் அடுப்படி வாசலில் நின்று, தன் பழைய ஸ்போர்ட்ஸ் காரைப் பற்றிக் குமரப்பன் மனைவிக்குப் பாடம் நடத்தினார். அலமேலு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தோசை வார்த்தாள். பின்பக்கத் திறந்தவெளியை அவர் தகரம் போட்டு மூடி, கார் சாமான் அடுக்கியதிலிருந்து அவள் பாடு இதுதான்.

“இங்கேயும் வேகுதுங்க.”

“அடுப்படின்னா வேகத்தான் செய்யும். உனக்கு எங்க இதெல்லாம் புரியப்போகுது? பட்டறைக்காரன் வருவான். பானெட்ல கோடு போட்டிருக்கேன். வெட்டிட்டு, புது ஃபேனை மாட்டச் சொல்லு. அவன் ஒரு மடையன், கூடவே நில்லு.”

மதியம் ஆபீசிலிருந்து போன் செய்தார். மிஷின் அறுக்கிற சத்தம் காதைக் கிழித்தது.

“கோணாம வெட்டுறானா?”

“நேராத்தான் வெட்டுறாரு. ஃபேனும் மாட்டியாச்சு. சூடெல்லாம் குபுகுபுன்னு வெளிய போகுதுங்க.”

“பார்த்தியா? நான் சொன்னா சரியா இருக்கும்!”

சாயங்காலம் வந்தவர் நேராகக் காரிடம் போனார். பானெட்டில் போட்ட கோடு அழியாமல் இருந்தது. வெட்டுதான் இல்லை. பட்டறைக்காரனை வைதுகொண்டே அடுப்படிக்குள் நுழைந்தவர் அப்படியே நின்றுவிட்டார். பின்பக்கத் தகரக் கூரையில் சதுரமாக வானம் தெரிந்தது. அடுப்படிச் சுவரில் அவருடைய புது கார் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

“மழை பெஞ்சா என் சாமானெல்லாம் என்னாகும்?”

அலமேலு தோசையைத் திருப்பிப் போட்டாள்.

“காருக்குள்ள வைங்க. பேட்டரி இருந்த இடம் காலியாத்தான் கிடக்கு.”