மரியாதைப் பரீட்சை

"ஐயோ, வவுத்துல கத்தி வெச்சு அறுக்கறாப்ல இருக்குதுங்க" என்று முனகினாள், கட்டிலில் சுருண்டு கிடந்தவள். உள்ளே நுழைந்த பாக்கியராஜ் அவளைத் தாண்டிப் போய், மூலையில் நாற்காலியில் கண்ணாடியும் கஞ்சி போட்ட புடவையுமாக உட்கார்ந்திருந்தவருக்கு வணக்கம் வைத்தான்.

"குட் மார்னிங் மேடம்."

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

திண்டிவனத்தில் அந்த நர்சிங் கல்லூரியில் அன்று நடிப்பு நோயாளிப் பரீட்சை. நோயாளியாக நடிப்பவரின் பழக்கவழக்கங்களை மதித்து விசாரிக்க வேண்டும். இரண்டு தடவை கோட்டைவிட்டாயிற்று. இதுவும் போனால் பாக்கியராஜுக்கு ஆறு மாதம் வீட்டில்தான். நடிக்கக் கண்டமங்கலத்திலிருந்து கூலிவேலை செய்கிற அம்மா ஒருத்தியைக் கூட்டி வந்திருப்பதாகக் கூடப் படிக்கிற ஸ்டீபன்ராஜ் காதில் போட்டிருந்தான்.

"என்னம்மா, காலையில கூழு குடிச்சியா?" என்று காது கேட்காதவளிடம் பேசுவதுபோல் கத்தினான்.

"இல்லீங்க. ரொட்டியும் ஜாமும்."

"கூச்சப்படாத. கேப்பங்கூழு ஒடம்புக்கு நல்லதுதான்." உடனே நாற்காலிப் பக்கம் திரும்பினான். "அவங்க சாப்பாட்ட நாம மட்டமா நெனைக்கக் கூடாது, இல்லீங்களா மேடம்?"

மேடம் கட்டிலைப் பார்த்தார்.

"கோயில்ல மந்திரிச்சுக்கினு வந்தியா?"

"இல்லீங்க. மாத்திர போட்டேன்."

"பொய் சொல்லாத. திருவக்கரைக்குப் போயிருப்ப. போனா தப்பில்ல, நாங்க மதிக்கிறோம்." நாற்காலிக்கு மறுபடியும் ஒரு புன்னகை.

பிரஷர் பார்க்கும் கருவியை எடுத்தான். பட்டையை எங்கே கட்டுவது என்று அவன் யோசிப்பதற்குள், அவள் உள்ளங்கை மேலே இருக்கும்படி கையை நீட்டி, முழங்கைக்கு மேல் சரியாக இடம் விட்டு ரவிக்கைக் கையையும் சுருட்டிவிட்டிருந்தாள்.

"பரவால்லியே, நல்லாத்தான் பழக்கிவிட்டிருக்காங்க" என்றான்.

மணி அடித்தது. கருவியைக் கட்டிலிலேயே போட்டுவிட்டு நாற்காலிக்கு ஓடினான்.

"மேடம், மூணாவது தடவ மேடம். பாஸ்தானுங்களே?"

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார்.

"படுக்க வேண்டியவ நாந்தான் தம்பி. மார்க்கு போடற மேடம் அங்க படுத்துக்கினு இருக்காங்க."