இத்தா அறை

"எங்க போறாய்?"

நேசமணி எழுந்து வாசல் பக்கம் ஓரடி வைத்ததுதான் தாமதம், றாபியா பாய்ந்து அவள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். அப்படியொரு பிடி! வெட்டினாலும் விடமாட்டாள் போலிருந்தது.

"எங்கயும் போகல்ல. காத்துக்குத்தான் எழும்பினன்," என்று நேசமணி மறுபடி பாயில் உட்கார்ந்தாள்.

காற்றா? அந்த அறையில் காற்றுக்கு எங்கே போவது! ஜன்னலுக்குச் சாக்கு, வாசலுக்குத் தடித்த திரை. கல்முனைக் கோயில் மணிச் சத்தம் மட்டும் எப்படியோ உள்ளே வந்தது. இன்றைக்கு உயிர்த்த ஞாயிறு. ஒரு பண்டிகை ஆராதனையைக்கூடத் தவறவிடாதவள், சாய்ந்தமருதில் ஒரு முஸ்லிம் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தாள்.

கண்ணை மூடி ஜெபிக்கப் பார்த்தாள். 'ஆண்டவரே' என்பதற்கு மேல் ஒரு சொல் வந்தால்தானே! அவரும் திரைக்கு வெளியேதான் நிற்கிறாரோ என்று அழுகை வந்தது. கண்ணைத் துடைக்கலாமென்றால் நீலச் சேலையின் தலைப்பு றாபியாவின் கையில்.

இருவரும் மிஷன் பள்ளியில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். அந்தச் சிரிப்புக்காரி எங்கே, வெள்ளைப் புடவையும் சிவந்த கண்ணுமாய், அசைந்தாலே சீறுகிற இவள் எங்கே!

முற்றத்தில் யாரோ செருமினார்கள். நேசமணியின் சபை யோசுவா உபதேசியார்! ஆண்கள் அந்த அறைக்குள் வரக்கூடாது. அவர் நின்ற இடத்திலிருந்தே சத்தம் போட்டார்.

"நேசமணி! கலந்தர் கடலோட போன நாளையில இருந்து நீ வெளிய தலை காட்டல்ல. அவனைக் களவாக் கலியாணம் முடிச்சியாம். புருசன் செத்தவள் மாசக்கணக்கா மறைஞ்சிருக்கிற இத்தாவில இருக்கிறியாம். ஊரே கதைக்குது! உன்ர அம்மா கோயிலுக்குள்ள தலைகுனிஞ்சு இருக்கா. பொய்யெண்டா இப்ப என்னோட வா. வராட்டி இண்டையோட நீ எங்கட சபையில இல்ல."

களவுக் கலியாணமாம்! நேசமணி பதில் சொல்ல வாயைத் திறந்தாள்.

கலந்தரின் பெயர் கேட்டதிலிருந்து றாபியாவின் பிடி இன்னும் இறுகியிருந்தது. "போகாத," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "போனியெண்டா..."

மிச்சத்தை அவள் சொல்லவில்லை. சொல்லத் தேவையுமில்லை. நேசமணிக்குச் சபையும் வேண்டும், அம்மாவும் வேண்டும். ஆனாலும் அந்தக் கையை உதறவோ, றாபியாவின் காதுபடக் கலந்தரின் பெயரை எடுக்கவோ அவளால் முடியவில்லை. வாயை மூடிக்கொண்டாள்.

"அப்ப உண்மைதான்," என்று உபதேசியார் திரும்பினார். பாவம், அவர் குரலும் உடைந்துதான் போனது.

குசினிக்குள் இருந்து றாபியாவின் தாய் சல்மா உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தாள். வந்த வேகத்தைப் பார்த்து உபதேசியார் பின்னுக்குப் போனார்.

"நில்லுங்க! கலந்தர் ஆர்ர புருசன் எண்டு கேட்டுப்போட்டா வந்தீங்க? என்ட மகள் றாபியாட புருசன். இத்தா அவளுக்கு. அவள் கிணத்துல பாயப் போன நாளையில இருந்து இந்தப் புள்ளதான் பக்கத்தை விட்டு எழும்பாமக் காத்துக் கிடக்கு. நாங்களா புடிச்சு வெச்சிருக்கம்? உன்ட பெருநாளுக்குப் போ மகள் எண்டு காலையிலயும் சொன்னன்."

சல்மா உம்மா முக்காட்டால் கண்ணைத் துடைத்தாள்.

"புள்ளதான் போகமாட்டன் எண்டு இருக்கு!"